கொள்ளி வைத்த வீட்டில் பாட்டு

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. உமா மகேஸ்வரி வாய் திறந்து ஒரு பாட்டுப் பாடி அன்றோடு ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அவள் தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை. பாடக் கூடாது என்று தடுத்தவர் அவளுடைய கணவர் குமரகுரு. பாட்டு நின்றால் அவள் நிலை என்னவாகும் என்பதை நன்கு அறிந்திருந்தும் தடுத்தார். இதுதான் முறையீடு. இதில் மிகையாக ஒரு சொல்லும் இல்லை.

அன்று காலை குற்றாலம் பேரருவிக்கு எதிரே, ஒரு கையில் துண்டும் மறு கையில் மாற்றுச் சேலை வைத்த பையுமாகக் குமரகுரு நின்றுகொண்டிருந்தார். சாரல் தொடங்கியிருந்தது, அருவிக்கரை முழுவதும் எண்ணெய் மணமும் வெளியூர்க்காரர்களின் கூச்சலுமாக இருந்தது. பெண்கள் குளிக்கும் பக்கத்துக்குள் மனைவியை அனுப்பிவிட்டு அவர் காத்திருந்தார். வாசுதேவநல்லூரிலிருந்து வந்து போன சித்தி நாச்சியார்தான், அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் சோர்வெல்லாம் இறங்கிவிடும், ஒரு நாள் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருந்தார். சொன்னபடி செய்துவிட்டால் தம் கடமை முடிந்ததென்று குமரகுரு கருதினார்.

சற்று நேரத்தில் விசில்கள் ஒலித்தன. மலைமேல் எங்கோ பெய்த மழையால் அருவியின் நிறம் மாறி, தண்ணீர் பாறையை விட்டு விலகி விழத் தொடங்கியது. காவலர்கள் எல்லாரையும் வெளியேற்றினார்கள். ஈரச் சேலையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, குழந்தைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். குமரகுரு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கூட்டம் மெலிந்தது. பின்பு ஒருவர் இருவராக வந்தார்கள். பின்பு எவரும் வரவில்லை.

தடுப்பருகே நின்ற பெண் காவலரிடம் ஓடிச் சென்று தம் மனைவி உள்ளே இருப்பதாகச் சொன்னார். அந்தக் காவலர் அவர் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார்.

“உமாக்காவா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, விடையை எதிர்பாராமல் அருவியை நோக்கி ஓடினார்.

அந்தப் பெண்ணுக்குத் தம் மனைவியின் பெயர் எப்படித் தெரியும் என்று குமரகுருவுக்கு விளங்கவில்லை. விளங்காமற்போனதும் அவர் செய்த குற்றத்தின் ஒரு பகுதியே. ஏனெனில், இசக்கிசெல்வி என்னும் அந்தக் காவலர் ஒன்றரை ஆண்டுக் காலம் ஞாயிறுதோறும் அவர் மனைவியோடு சேர்ந்து பாடியவர்; அவளுடைய கைப்பேசியில் அவர் படத்தையும் பார்த்திருந்தவர்.

நடந்தவற்றை முறையாகச் சொன்னால்தான் இது விளங்கும்.

குமரகுரு பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசிக் கோயில் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி அவர்கள் குடும்பத்துக்கு உரியது. பணியில் இருந்த காலம் முழுவதும் குளங்களுக்கு மடை திறக்கவும் அடைக்கவும் ஆணை பிறப்பித்தவர். ஆணையிட்டால் நடக்கும் என்ற பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் அவரைவிட்டுப் போகவில்லை. மகள் ஸ்ரீவித்யா திருமணமாகிப் பூனாவில் இருந்தாள்.

மகள் போன பிறகு உமா மகேஸ்வரிக்கு மனச்சோர்வு நோய் வந்தது. மகள் பிரிந்ததுதான் காரணம் என்று உறவினர்கள் சொன்னார்கள். அதுவன்று என்று அவள் சொன்னாள். வேறு என்ன காரணம் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காரணம் இல்லாத நோயை நம் வீடுகளில் எவரும் நோயாக மதிப்பதில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடியே நிற்பாள். தலை வாரச் சீப்பை எடுத்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டே மாலைவரை அமர்ந்திருப்பாள். கடைசியில் மகள்தான் பூனாவிலிருந்து வந்து, தாயைப் பாளையங்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். அம்மருத்துவர் மாத்திரை எழுதினார். எழுதிய பிறகு, முன்பெல்லாம் எதைச் செய்தால் நேரம் போவது தெரியாது என்று கேட்டார். நெடுநேரம் யோசித்துவிட்டு, கல்லூரி நாளில் பாடுவேன் என்று அவள் சொன்னாள். அப்படியானால் பாடுங்கள், தனியாக வேண்டாம், நாலு பேரோடு பாடுங்கள் என்றார் மருத்துவர்.

தென்காசியில் பெயின்ட் கடை ஒன்றின் மாடியில், ஞாயிறு பிற்பகலில் சிலர் கூடிக் கரோக்கி பாடினார்கள். பழைய திரைப்பாட்டின் இசை மட்டும் பெட்டியில் ஓடும். பாடுவோர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதனோடு சேர்ந்து பாட வேண்டும். இதை நடத்தியவர் யஹ்யா. செங்கோட்டைச் சாலையில் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒருவருக்கு இரண்டு பாட்டு, இருவர் பாடினால் ஆளுக்கு அரைப் பாட்டு என்று அவர் விதி வகுத்திருந்தார். அந்த அரைப் பாட்டுக் கணக்கில் ஞாயிறுதோறும் சண்டை வரும். உமா மகேஸ்வரி முதல் மாதம் முழுவதும் சுவரோரம் அமர்ந்து கேட்டாள். பிறகு ஒரு நாள் பாடினாள். இசக்கிசெல்விக்குக் கட்டைக் குரல். என் குரல் போலீஸ் வேலைக்காகவே செய்த குரல் என்று தன்னைத்தானே பகடி செய்துகொள்வாள். ஆண்குரல் அடிகளை அவளும் பெண்குரல் அடிகளை உமா மகேஸ்வரியும் பாடுவது அந்த மாடியில் வழக்கமாயிற்று.

ஓர் ஆண்டுக்குள் வீடு மாறியது. மாத்திரையும் பாட்டும் சேர்ந்து மாற்றின. அவள் வேலை செய்யும்போது முணுமுணுத்தாள். அடுத்த ஞாயிறுக்கான பாட்டைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் போட்டு, கறிவேப்பிலை உருவிக்கொண்டே பழகினாள். சாம்பாரில் உப்பு கூடினால், பல்லவி சரியாக அமைந்த மகிழ்ச்சியில் கை நீண்டுவிட்டது என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் குமரகுரு பார்த்தார். அது எங்கிருந்து வந்தது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

சென்ற நவம்பரில் அவருடைய அண்ணன் சண்முகநாதன் ஆய்க்குடியில் மாரடைப்பால் காலமானார். அண்ணனுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் குமரகுருவே கொள்ளி வைத்தார். கொள்ளி வைத்தவர் வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை, பாட்டு இல்லை என்பது அவர்கள் உறவினரிடையே வழக்கம். பதினாறாம் நாள் விசேடத்தில் ஓதுவார் ஒருவர் வந்து பதிகங்கள் பாடினார். குமரகுரு கண்ணீர் வடித்துக் கேட்டார். இன்னும் ஒன்று பாடுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொண்டார். அப்பாட்டு அவர் நெஞ்சின் பாரத்தை இறக்கியது. தமக்கு அப்படி ஒரு வடிகால் வேண்டியிருந்ததை அவர் மறைக்கவுமில்லை. ஆனால் மாதம் ஒன்று கழிந்து, ஞாயிறு பிற்பகலில் உமா மகேஸ்வரி செருப்பை மாட்டியபோது அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“எங்க கெளம்பிட்ட?”

“மாடிக்குத்தான். பாடாம ஒரு மாசம் ஆச்சுல்லா.”

“கொள்ளி வச்ச வீட்ல இருந்து மைக்கப் பிடிக்கப் போறியா? ஊர்ல என்ன பேசுவாங்க?”

அவள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைத்தாள். பிறகு, “வருசம் முழுக்கவா?” என்று கேட்டாள். ஒரு வருசம்தானே, கண்ணை மூடித் திறந்தால் ஓடிவிடும் என்று அவர் சொன்னார். மகள் வாங்கிக் கொடுத்திருந்த சிறிய மைக்கை அவளே கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அதே வீட்டில் தொலைக்காட்சி ஓடியது. செய்தி கேட்பது துக்கத்துக்கு விரோதம் அன்று. கிரிக்கெட்டும் விரோதம் அன்று. விளம்பரத்தில் பாட்டு வந்தால் மட்டும் குமரகுரு ஒலியை அடக்குவார். விளம்பரம் முடிந்ததும் கூட்டுவார். ரிமோட்டைக் கையில் பிடித்து, ஓர் அடி பாட்டுக்கூட வீட்டுக்குள் நுழைந்துவிடாதபடி காவல் காத்த அந்தத் திறமையை எண்ணிப் பிற்பாடு அவரே நாணினார். அன்று நாணவில்லை.

தை பிறக்குமுன்பே உமா மகேஸ்வரி சரியத் தொடங்கினாள். முதலில் முணுமுணுப்பு நின்றது. பிறகு பேச்சு சுருங்கியது. பிறகு பழையபடி பால் பொங்கி வழிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள்: வாராத தலை, கசங்கிய சேலை, வற்றிய முகம். நாச்சியார் சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உருகினார்.

“புருசனோட அண்ணனுக்காக இப்படிக் கரையுற பொம்பளைய நான் பாத்ததில்லப்பா. குடும்பம்னா இதுல்லா குடும்பம்.”

குமரகுரு அந்தப் புகழ்ச்சியை மறுக்கவில்லை. இது துக்கமன்று, நோய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நோய் என்று சொன்னால் கேள்விகள் எழும். துக்கம் என்று விட்டுவிட்டால் குடும்பத்துக்குப் பெருமை. சித்தி சென்ற ஊரிலெல்லாம் இதைச் சொன்னார். சிவகிரியிலிருந்து வந்த ஒரு மைத்துனர், மதினியைப் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது என்றார். குமரகுரு தலையைக் குனிந்துகொண்டார். அது துயரத்தால் குனிந்த தலை என்று மைத்துனர் நினைத்திருப்பார்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. உமா மகேஸ்வரி வண்டியில் உட்கார்ந்து வரமாட்டேன் என்றதால், மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க அவர் தனியாகவே பாளையங்கோட்டைக்குப் போய்வந்தார். பிப்ரவரியில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை. இரண்டு முறையும் மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார்: பாடுகிறார்களா? தடுத்துவிட்டேன் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. படித்தவர், பொறியாளர், மருத்துவருக்கு முன் பட்டிக்காட்டான்போல நிற்க வேண்டியிருக்குமே என்ற கூச்சம்.

“பாடுதா டாக்டர். நல்லாப் பாடுதா.”

மருத்துவர் மகிழ்ந்தார். அதே மாத்திரையை அதே அளவில் எழுதினார். நோயாளி சரிந்துகொண்டிருக்க, நலமாக இருக்கிறாள் என்று அவளுடைய கணவரே சான்று கொடுத்தார். அந்தச் சான்றின்மேல் அவளுடைய மருந்து நின்றது. வெளியே வந்து பேருந்தில் அமர்ந்ததும் குமரகுரு அந்தச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

அவளிடமும் சில வேளை சொல்ல வாயெடுத்தார். பீரோவைத் திறந்து மைக்கை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். உடனே, இத்தனை மாதம் காத்த விரதத்தை இப்போது விட்டால் அண்ணன் ஆன்மாவுக்கு என்ன மரியாதை என்று தோன்றும். உண்மையில் அவர் அஞ்சியது அண்ணனுக்கன்று, சித்திக்கும் மைத்துனருக்கும்.

அந்த அச்சத்தின் பலனாகத்தான் அன்று காலை அவர் அருவிக்கு எதிரே, உலர்ந்த துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

இசக்கிசெல்வி அவளை இடுப்போடு அணைத்தபடி வெளியே கொண்டுவந்தாள். காக்கிச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உமா மகேஸ்வரியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. குமரகுரு துண்டை நீட்டினார். இசக்கிசெல்வி அதைப் பிடுங்கி, தானே அவளுக்குத் துவட்டிவிட்டாள். உடைமாற்றும் அறையில் விட்டுவிட்டு வெளியே வந்து, நடந்ததைச் சொன்னாள்.

எல்லாரும் ஓடிவிட்ட பிறகும் உமா மகேஸ்வரி பாறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விழுகின்ற தண்ணீருக்கு அடியிலேயே நின்றிருக்கிறாள். வாங்கக்கா என்று இழுத்தும் கம்பியை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க முயன்றும் முடியவில்லை. தண்ணீர் கூடிக்கொண்டே இருந்தது. வேறு வழி தெரியாமல் இசக்கிசெல்வி அவள் காதில் வாயை வைத்து, மாடியில் இருவரும் பாடும் பாட்டின் ஆண்குரல் அடியை உரக்கப் பாடியிருக்கிறாள். பாடி முடித்து, பெண்குரல் அடி வரவேண்டிய இடத்தில் நிறுத்தினாள். உமா மகேஸ்வரி பாடவில்லை. ஆனால் யார் என்று திரும்பிப் பார்த்தாள். பார்த்த அந்த நொடியில் பிடி தளர்ந்தது.

“விசில் கேக்காம நின்னுட்டா போல” என்றார் குமரகுரு. அப்போதும் அவர் மனம் ஒரு சாக்கைத் தேடியது.

“விசில்லாம் கேட்டுருக்கு சார். இந்த இரைச்சல்ல நின்னா தலைக்குள்ள ஓடுற சத்தம் கேக்கலியாம். வீட்ல அது மட்டுந்தான் கேக்குதாம். அதான் வரலன்னு சொல்லுதாங்க.”

இசக்கிசெல்வி சட்டையைப் பிழிந்துகொண்டே தொடர்ந்தாள். போன் பண்ணும்போதெல்லாம் துக்கம் முடியட்டும் என்றுதான் அக்கா சொன்னார்கள், அவர்களாகத்தான் நிறுத்தினார்கள் என்று நாங்கள் நினைத்தோம் என்றாள். பிறகு நேராக அவர் கண்ணைப் பார்த்தாள்.

“நீங்க நிறுத்துனீங்களா?”

ஆமாம் என்று அவர் சொன்னார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஆறு மாதம் ஆயிற்று. இசக்கிசெல்வி திட்டவில்லை. நாளைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், நான் சாயங்காலம் போன் பண்ணிக் கேட்பேன் என்றாள். திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பாளையங்கோட்டையில், உமா மகேஸ்வரி பக்கத்தில் அமர்ந்திருக்க, மருத்துவர் வியப்போடு கேட்டார்: “பாடுறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

உமா மகேஸ்வரி மெல்லத் தலையைத் திருப்பிக் கணவரைப் பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் கண்கள் ஒரு பொருளின்மேல் நிலைத்தது அப்போதுதான். அது தம் முகமாக இருந்ததைக் குமரகுருவால் தாங்க முடியவில்லை. பொய் சொன்னதை ஒப்புக்கொண்டார். ஏன் என்று மருத்துவர் கேட்கவில்லை. மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். பத்து நாளுக்கு ஒரு முறை அவளை நேரில் அழைத்து வரவேண்டும், தனியே விடக் கூடாது என்றார். பாட்டு மருந்துக்கு மாற்று அன்று, ஆனால் மருந்து வேலை செய்வதற்கு உடம்புக்குள் ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தைப் பாட்டுத்தான் இந்த அம்மாவுக்குத் திறந்து கொடுத்தது, அதை நீங்கள் அடைத்துவிட்டீர்கள் என்று அமைதியாகச் சொன்னார். மடை அடைத்தே பழகிய கைகள் மடியின்மேல் கிடந்தன.

இருந்தும் குமரகுரு நேரே பீரோவைத் திறக்கவில்லை. அந்தக் கோழைத்தனத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வருடாந்திரத் திவசத்துக்கு முன்பே பாட்டை அனுமதிப்பதானால் அண்ணன் மனைவியிடம் ஒரு சொல் கேட்டுவிட வேண்டும் என்று எண்ணினார். அண்ணன் மனைவி குழல்வாய்மொழி சம்மதித்துவிட்டால், ஊர் கேட்கும்போது அந்தச் சம்மதத்தின் பின்னே நின்றுகொள்ளலாம். மனைவிக்குத் துணையாக இசக்கிசெல்வியை வரச்சொல்லிவிட்டு ஆய்க்குடிக்குப் புறப்பட்டார். ஸ்கூட்டர் பழுதாகிக் கடையில் கிடந்ததால் பேருந்தில் போனார்.

தெருவில் நடக்கும்போதே ஏதோ ஒரு வீட்டிலிருந்து திரைப்பாட்டுக் கேட்டது. பக்கத்து வீட்டாருக்குக் கொஞ்சமும் இங்கிதம் இல்லையே, துக்க வீட்டுக்கு அருகில் இப்படியா என்று சினந்தார். அண்ணன் வீட்டு வாசலில் நின்றபோது சினம் நின்றுவிட்டது. பாட்டு உள்ளேயிருந்துதான் வந்தது. குழல்வாய்மொழி தரையில் அமர்ந்து, சிறிய ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொழுந்தனைக் கண்டதும் பதறி ரேடியோவை அணைத்தார்.

“வண்டிச் சத்தம் கேக்கலியே தம்பி. கேட்டிருந்தா முன்னாலயே நிறுத்தியிருப்பனே.”

முன்பெல்லாமும் நிறுத்தினீர்களா என்று குமரகுரு கேட்டார். குழல்வாய்மொழி உள்ளதைச் சொன்னார். கணவர் இறந்த முதல் வாரமே வீட்டின் அமைதி தாங்க முடியாமல் ரேடியோவைப் போட்டுவிட்டாராம். அண்ணன் பாட்டுக் கேட்காமல் ஒரு நாளும் சவரம் செய்துகொண்டதில்லை. காலையில் பாட்டு இல்லாவிட்டால்தான் அவர் இல்லை என்பது உறைக்கிறதாம். ஆனால் கொழுந்தனார் கண்டிப்பானவர், கொள்ளி வைத்தவர், அவர் மனம் நோகக் கூடாதே என்று, தெருமுனையில் அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் அணைத்துவிட்டு, அவர் போகும்வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

குமரகுரு தரையிலேயே அமர்ந்தார். எவருடைய துக்கத்துக்கு மரியாதை என்று சொல்லிக்கொண்டு இத்தனையும் செய்தாரோ, அவரும் தமக்கு அஞ்சிப் பாட்டை ஒளித்துக் கேட்டிருக்கிறார். உமா மகேஸ்வரியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார்; அருவியையும் மறைக்கவில்லை. குழல்வாய்மொழி கீரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“அவளைப் போட்டு அடைச்சு வச்சுட்டு, எங்கிட்ட உத்தரவு கேக்க வந்தீங்களா? அவ செத்திருந்தா யார்ட்ட கேட்டிருப்பீங்க?”

அதன் பிறகும் அவருக்கு மோர் கொடுத்தார். அவர் அதைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

அன்று மாலையே பீரோ திறந்தது. மைக்கை எடுத்து மனைவியின் முன் வைத்தார். எடுத்துக் கொடுத்தால் போதும், பாட்டு தானாக வந்துவிடும் என்று எண்ணியிருந்தார். அவள் அதைத் தொடவில்லை. அடைத்தவருக்கு நினைத்த நேரத்தில் திறக்கும் உரிமையும் உண்டு என்று எந்த நோயும் ஒப்புக்கொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளை மாடிக்கு அழைத்துப் போனார். யஹ்யா எழுந்து வந்து, “வாங்கக்கா, உங்க அரைப்பாட்டெல்லாம் சேந்து கெடக்கு, வட்டி போட்டுத்தான் தரணும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. பழைய சுவரோரத்திலேயே போய் அமர்ந்தாள். இசக்கிசெல்வி தங்கள் பாட்டை எடுத்தாள். தன் அடியைப் பாடினாள். பெண்குரல் அடி வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். பெட்டியில் இசை மட்டும் ஓடியது. அந்த அடியை வேறு எவரும் பாடவில்லை. பாட வேண்டாமென்று யஹ்யா முன்பே சொல்லி வைத்திருந்தார். பாதிப் பாட்டு ஊமையாகவே ஓடி முடிந்தது, கை தட்டினார்கள், அடுத்தவர் பாடப் போனார்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. அந்த வெற்றிடத்தில் இசை ஓடும்போதெல்லாம், அங்கே இருக்க வேண்டிய குரலைத் தாமே எடுத்து ஒளித்துவிட்டதுபோலக் குமரகுரு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் நாச்சியார் சித்தி போனில் அழைத்தார். துக்கம் கழியுமுன்பே பாட்டுக் கச்சேரிக்குப் போகிறார்களாமே, அப்படி உருகினவளா இப்படி என்று கேட்டார்.

“அவ அண்ணனுக்காக உருகல சித்தி. நான்தான் அவள உருக்கினேன். நீங்க புகழும்போது வாய மூடிட்டு இருந்தேன். இனி யாரு கேட்டாலும் இதையே சொல்லுங்க.”

சித்தி போனை வைத்துவிட்டார். அதன் பின் அவர் அழைக்கவில்லை.

ஜூலை கடைசி ஞாயிறு. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இசக்கிசெல்வி தன் அடியைப் பாடிவிட்டு, வழக்கம்போல நிறுத்தி, மைக்கை உமா மகேஸ்வரியின் முகத்தருகே சும்மா பிடித்தாள். அவள் மூச்சை உள்ளிழுத்தாள். அந்த மூச்சு ஒலிபெருக்கி வழியாக அறை முழுவதும் கேட்டது. பிறகு குரல் வந்தது. துருப்பிடித்த குரல், சுருதியில் நிற்கவில்லை, மூன்றாம் சொல்லில் உடைந்தது. ஆனாலும் அந்த அடியை அவள் விட்டுவிடவில்லை, முடிவுவரை இழுத்துக்கொண்டு போனாள்.

குமரகுரு எழுந்து வெளியே வந்து மாடிப்படியில் அமர்ந்தார். மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல முடியாது. ஆறு மாதமாகத் தாம் எதன் கழுத்தைப் பிடித்திருந்தோம் என்பதை அவர் அப்போதுதான் காதால் கேட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் இருவரும் அருகருகே அமர்ந்திருந்தார்கள். என்னை மன்னித்துவிடு என்று அவர் சொன்னார். ரயில்வே கேட் மூடியிருந்தது; வண்டி நின்றது.

“இப்ப நான் பாடுனேனே, அது என்ன பாட்டு?”

குமரகுருவுக்குத் தெரியவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்தவர். அவள் பழகியதை நூறு முறை காதில் வாங்கியவர். அவளைச் சாவின் விளிம்பிலிருந்து திருப்பிய பாட்டின் முதல் அடிகூட அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்றார். அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

“முதல்ல அதைக் கேளுங்க” என்றாள்.

இதைப் படித்துக்கொண்டிருப்பவரே, குமரகுருவைப் பழித்துவிட்டு நகர்ந்துவிடாதீர். உம் வீட்டிலும் ஒருவர் உண்டு: படிப்பைக் காட்டியோ, வயதைக் காட்டியோ, அக்கம்பக்கத்தாரைக் காட்டியோ, தலைவலியைக் காட்டியோ நீர் வாயடைத்தவர். அவர் எந்தப் பாட்டைப் பற்றிக்கொண்டு நாளைக் கடத்துகிறார் என்று உமக்குத் தெரியுமா? தெரியாதெனில், இதை மூடி வைத்துவிட்டு இப்போதே எழுந்து செல்லும், அவரிடம் கேளும், அவர் பாடினாலும் சரி, போட்டுக் காட்டினாலும் சரி, குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல் கடைசி அடிவரை நின்று கேளும்.